கிழக்கே பார்க்காத கண்: சதிர், கவனம், உழைப்பு

1

‘கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான்’ என்றொரு பழமொழி உண்டு. விடிய விடிய ஆடுகிறவனுக்கு எப்போது கிழக்கு வெளுக்கும் என்பதில் கண். பகலெல்லாம் சேற்றில் குனிந்து நாற்று நடுகிறவனுக்கு எப்போது பொழுது சாயும் என்பதில் கண். ஆட்டமும் நடவும் ஒரே தராசில் வைத்துப் பேசப்படுகின்றன: இரண்டும் வேலை, இரண்டிலும் உடம்பு ஓரிடத்தில் இருக்க மனசு வேறிடத்துக்கு ஓடுகிறது. கலை, தெய்வீகம், ஆன்மா என்றெல்லாம் பேசாமல் ஆட்டத்தை உழைப்பு என்று நேராகச் சொல்லிவிடுகிறது இந்தப் பழமொழி. அந்த வகையில் நம்முடைய பல நாட்டிய வரலாற்று நூல்களைவிட இது நேர்மையானது.

ஆனால் பழமொழி ஒன்றைச் சொல்லாமல் விடுகிறது. கிழக்கே பார்க்கிற கூத்தாடியை எதிரே உட்கார்ந்திருப்பவன் உடனே கண்டுகொள்வான். நடவு வயலில் மனசு எங்கே போனாலும் கை நட்டுக்கொண்டே போகும், பயிருக்குத் தெரியப்போவதில்லை. ஆடுகிறவள் மனசு அரங்கை விட்டு நகர்ந்தால் அந்தக் கணமே ஆட்டம் செத்துப்போகிறது. கை அதே முத்திரையைப் பிடிக்கும், கால் அதே தட்டைத் தட்டும், ஆனாலும் ‘ஏதோ இல்லை’ என்று பார்க்கிறவன் சொல்லிவிடுவான். அந்த ‘ஏதோ’தான் இந்தக் கட்டுரையின் பொருள். அதைக் ‘கவனம்’ என்று அழைக்கலாம். இங்கே, இப்போது, இந்த ஆளுக்கு முன்னால் மனசோடு நிற்பது.

தாசியின் உடலைப் பற்றி நூறு ஆண்டுகளாகப் பேசியாயிற்று. அவளுடைய ஆன்மாவைப் பற்றியும் பேசியாயிற்று. அவளுடைய கவனத்தைப் பற்றி, அதாவது அவள் தொழிலின் மையமான திறனைப் பற்றி, நாம் பேசியது மிகக் குறைவு. இது தற்செயலான மறதி அல்ல என்பதே இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

2

‘மனசு வேறிடத்தில் இருந்தால் ஆட்டம் இல்லை’ என்பது புதிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. நாட்டிய சாஸ்திரத்தின் ஏழாவது அத்தியாயம் சத்துவம் என்பதை மனத்தில் பிறப்பது, ஒருமுகப்பட்ட மனத்தால் உண்டாவது என்று விளக்குகிறது. கண்ணீர், மயிர்க்கூச்சு, நடுக்கம் போன்றவற்றை மனம் வேறெங்கோ இருக்கும் ஒருவரால் நிகழ்த்திக் காட்ட முடியாது என்பது அதன் நிலைப்பாடு. அபிநய தர்ப்பணம் ஆடுகிறவளுக்குப் பத்து ‘பிராணன்’களைப் பட்டியலிடுகிறது. வேகம், நிலைப்பு, சுழற்சி, பார்வை, களைப்பின்மை இவற்றோடு மேதையும் சிரத்தையும் அதில் உண்டு. உடம்பின் ஆற்றல்களும் மனத்தின் ஆற்றல்களும் ஒரே பட்டியலில், ஒரே உயிராக. தொல்காப்பியம் ‘மெய்ப்பாடு’ என்ற சொல்லிலேயே உள்ளத்தையும் மெய்யையும் பிரிக்க முடியாதபடி முடிந்து வைத்திருக்கிறது.

ஆனால் சாஸ்திரம் ஒரு விஷயத்தை மறைக்கிறது. இந்தக் கவனம் எங்கிருந்து வந்தது? யார் சோறு போட்டு வளர்த்தார்கள்? சாஸ்திரம் பேசுவது ‘பாத்திரம்’ பற்றி. அந்தப் பாத்திரத்துக்கு வயிறு கிடையாது.

இதற்கு மாறாக, சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை நம்மை ஓரளவு தரைக்குக் கொண்டுவருகிறது. காவிரி கடலில் சேரும் புகாரில் மாதவி ஐந்து வயதில் தொடங்கிப் பன்னிரண்டு வயது வரை, ஏழாண்டு பயில்கிறாள். ஆடலாசான், இசையாசான், கவிஞன், தண்ணுமைக்காரன், குழலோன், யாழோன் என்று ஒவ்வொருவருடைய தகுதியையும் காதை விரிவாகச் சொல்கிறது. அரங்கு எட்டுக் கோல் நீளம், ஏழு கோல் அகலம், ஒரு கோல் உயரம். விளக்கு எங்கே, தூணின் நிழல் எங்கே விழக்கூடாது என்பது வரை கணக்கு. முடிவில் மன்னன் கையால் தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும். இதை வெறும் காப்பிய அலங்காரமாகப் படித்துப் பழகிவிட்டோம். வேறுமாதிரியும் படிக்கலாம்: ஒரு பெண் ஒரு கணத்தில் ‘மனசோடு’ நிற்பதற்கு அவளைச் சுற்றி இத்தனை ஆட்கள், இத்தனை ஆண்டுகள், இத்தனை அளவுகள் வேண்டியிருந்தன. கவனம் தனிமனித குணம் அல்ல, ஒரு ஏற்பாடு. ‘ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம்’ என்று நாம் சிரிக்கிறோம். அரங்கேற்று காதையை எழுதியவர் சிரித்திருக்க மாட்டார். மேடை கோணலாக இருந்தால் ஆட்டமும் கோணும் என்பது அவருக்குத் தெரியும்.

3

காப்பியத்தை விட்டுக் கல்வெட்டுக்கு வருவோம். தஞ்சைப் பெரிய கோயிலின் புறச்சுவரில் முதலாம் ராஜராஜன் வெட்டிவைத்த நீண்ட கல்வெட்டு, சோழ மண்டலத்துக் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றப்பட்ட நானூறு ‘தளிச்சேரிப் பெண்டுகளை’ வரிசையாகச் சொல்கிறது. தெற்குச் சிறகு, வடக்குச் சிறகு, முதல் வீடு, இரண்டாம் வீடு என்று முகவரியோடு. இன்ன ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், பெயர் இன்னது என்று. ஒவ்வொருத்திக்கும் ஒரு பங்கு. ஒரு பங்கென்றால் ஒரு வேலி நிலத்தின் வருவாயாக நூறு கலம் நெல், ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்து.

ஆடவல்லான்! கூத்தாடும் கடவுளின் பெயரையே நெல் அளக்கும் மரக்காலுக்கு வைத்த ஊர் இது. ஆட்டத்துக்கும் நெல்லுக்கும் உள்ள உறவை இதைவிட வெளிப்படையாகச் சொல்ல முடியாது.

அந்தக் கல்வெட்டில் ஒரு நிபந்தனை இருக்கிறது. பங்கு பெற்றவர் இறந்தாலோ வேறு தேசம் போனாலோ அவருக்கு நெருங்கிய உறவினர் அந்தப் பங்கைப் பெற்று அந்த வேலையைச் செய்யலாம். அந்த உறவினருக்கே தகுதி இல்லையென்றால்? தகுதியான வேறொருவரை வைத்து வேலையைச் செய்விக்க வேண்டும். பங்கு, வேலை செய்கிறவருக்கு. பிறப்பு மட்டும் போதாது, திறன் வேண்டும் என்பது கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. பிற்காலத்தில் ‘குலத்தொழில்’, ‘ரத்தத்தில் ஊறியது’ என்றெல்லாம் எழுதப்பட்ட கதைகளோடு இதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இந்த நானூறு பேரும் ஆடினார்களா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. லெஸ்லி ஓர், சோழர்காலக் கோயில் பெண்களைப் பற்றிய தமது நூலில் (2000), பிற்காலத் ‘தேவதாசி’யை அப்படியே பின்னுக்கு இழுத்துச் சோழர் காலத்தில் பொருத்த முடியாது என்று விரிவாகக் காட்டியிருக்கிறார். அந்த எச்சரிக்கை தேவையானது. நமக்கு இங்கே வேண்டியது ஒன்றுதான்: கோயிலில் ஒரு பெண் தன் வேலையில் மனசு வைத்து நிற்பதற்கான பொருளியல் அடித்தளம், அடுத்த வேளைக்கு நெல் எங்கிருந்து வரும் என்று அவள் யோசிக்கத் தேவையில்லாத நிலை, 11ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் நிறுவப்பட்டிருந்தது. வயிற்றைப் பற்றிய கவலை இல்லாத இடத்தில்தான் கவனம் ஒரு கலையாகிறது. அந்த நெல்லை விளைவித்தவன் யார், அவனுக்கு எத்தனை கலம் மிஞ்சியது என்ற கேள்வியும் கூடவே எழுகிறது. மேற்கே பார்த்துக்கொண்டிருந்த கூலிக்காரனின் பொழுதிலிருந்துதான் கூத்தாடியின் கவனத்துக்குப் படி அளக்கப்பட்டது.

4

நாயக்கர், மராட்டியர் காலத்தில் இந்தக் கவனத்தின் வடிவம் மாறுகிறது. கோயிலோடு அரசவையும், பின்னர் மிராசுதாரின் கூடமும் சேர்கின்றன. தஞ்சை நால்வர் எனப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு சகோதரர்கள் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்ற வரிசையைச் செம்மைப்படுத்தினார்கள். இதைப் பொதுவாகக் ‘கச்சேரி முறை’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். நான் இதை ஒரு கவனத் திட்டம் என்று வாசிக்க விரும்புகிறேன்.

அலாரிப்பில் பாட்டும் இல்லை, பொருளும் இல்லை. கண், கழுத்து, தோள், இடுப்பு, கால் என்று உடம்பு ஒவ்வொரு பகுதியாக விழித்துக்கொள்கிறது. ஜதிஸ்வரத்தில் ஸ்வரம் சேர்கிறது, சப்தத்தில் சொல். வர்ணத்தில் எல்லாம் ஒரே நேரத்தில். அது ஒரு மணி நேரம் வரை நீளக்கூடும். தீர்மானத்தில் கால் மூன்று காலத்திலும் கணக்கு விடாமல் போக வேண்டும். அது முடிந்த கையோடு மூச்சிரைப்பு முகத்தில் தெரியாமல் சாகித்ய வரிக்கு அபிநயம். பிறகு பதம். கால் ஓய்கிறது, முகமும் கையும் மட்டும். களைத்த உடம்பில் மனசு எங்கே இருக்கிறது என்பது பதத்தில் தெரிந்துபோகும், ஒளிக்க இடமில்லை.

சரி, இதற்கு எப்படித் தயார் செய்தார்கள்? ஐந்து, ஏழு வயசில் ஆரம்பிச்சு அடவு. நட்டுவனார் தட்டுக்கழியால மனைக்கட்டையில தட்ட, அதே தட்டடவு, நாட்டடவு, நாளுக்கு நாள், வருஷத்துக்கு வருஷம். ஃபூக்கோவைப் படித்தவர்களுக்கு உடனே ‘பணிந்த உடல்’ நினைவுக்கு வரும்: படைவீரனையும் பள்ளிப் பிள்ளையையும் ஒழுங்குபடுத்தும் அதே அதிகாரம். அது பாதி உண்மை. மறுபாதி என்னவென்றால், கால் கணக்கை உடம்பு முழுசாக ஏற்றுக்கொண்ட பிறகு மனசுக்குக் காலைப் பற்றிய வேலை இல்லாமல் போகிறது. அப்போதுதான் அது முகத்துக்கு வர முடியும், எதிரே இருப்பவனைப் பார்க்க முடியும். ஒழுக்கப் பயிற்சி இங்கே மனசைக் கட்டிப்போடவும் செய்தது, அவிழ்த்தும் விட்டது. இந்த முரணை விட்டுவிட்டுச் சதிரைப் பேச முடியாது.

இடத்தையும் பாருங்கள். சின்ன மேளத்தில் நட்டுவனாரும் மத்தளக்காரரும் அவளுக்குப் பின்னாலேயே நின்றார்கள். வாத்தியத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு, அவள் முன்னே நகர்ந்தால் முன்னே, பின்னே நகர்ந்தால் பின்னே. முதுகுப் பக்கம் தாளம். முகத்துப் பக்கம் ஜமக்காளத்தில் சாய்ந்திருக்கும் மிராசுதார், அவர் உறவுக்காரர்கள், தெலுங்குப் பதத்தின் நுட்பம் தெரிந்த ஒன்றிரண்டு ரசிகர்கள், ஒன்றும் தெரியாமல் வெற்றிலை மென்றுகொண்டிருக்கும் பலர். காது பின்னால, கண்ணு முன்னால. ஒரு வரியைப் பாடகர் திரும்பத் திரும்பப் பாட, ஒவ்வொரு முறையும் வேறு வேறு பொருளை அவள் விரிக்க வேண்டும். எதை விரிப்பது என்பது முன்கூட்டி எழுதி வைத்ததல்ல. எதிரே யாருக்குப் புரிகிறது, யார் சோர்கிறார், யாருக்கு உறைத்தது என்று பார்த்துப் பார்த்து அந்த இடத்தில் முடிவு செய்வது. மனோதர்மம் என்ற சொல்லின் உழைப்பு அர்த்தம் இதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. விஜயராகவ நாயக்கரின் தஞ்சையோடு தொடர்புபடுத்தப்படும் க்ஷேத்ரய்யாவின் பதங்களில் பேசுகிற பெண் பல நேரங்களில் ஒரு கணிகை. வந்தவன் நேற்றிரவு எங்கே இருந்தான், இப்போது அவன் மனசு எங்கே இருக்கிறது, கையில் என்ன கொண்டுவந்திருக்கிறான் என்று எடைபோடுகிறவள். அதாவது, பாட்டின் பொருளே கவனம்தான். கூடத்தில் சாய்ந்திருக்கும் ‘மைனர்’ தன்னை ஒருத்தி ஊடுருவிப் பார்க்கும் காட்சியைக் காசு கொடுத்துப் பார்க்கிறான். அதிகாரம் முழுக்க அவன் கையில் இருக்கும் அந்தக் கூடத்தில், பார்வை மட்டும் சில நிமிஷத்துக்கு அவள் கைக்கு மாறுகிறது. இதைப் புரட்சி என்று ஊதிப் பெருக்க வேண்டியதில்லை. விடிந்தால் நிலம் அவனுடையதுதான்.

தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்து களத்து நெல் பத்தாயத்துக்குப் போன பிறகு டெல்டாவில் கல்யாணமும் திருவிழாவும் களைகட்டும். சதிர்க்காரியின் நாட்காட்டியும் அதுவே. 1855இல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்து கம்பெனி அரசு தஞ்சையை எடுத்துக்கொண்ட பிறகு, அரண்மனை ஆதரவை இழந்தவர்களில் பலர் சென்னைக்குப் போனார்கள். மிஞ்சியவர்களுக்குக் கோயில் மானியமும் மிராசுதார் வீட்டுக் கல்யாணமும்தான் கதி.

5

கவனத்துக்குப் பதில் கவனம் கிடைக்காத இடத்தில் என்ன ஆகும்? இதற்கு ஒரு வரலாற்றுச் சோதனையே நடந்திருக்கிறது. டெல்டாவுக்குச் சற்று வடக்கே, கடலூரை அடுத்த திருவஹீந்திரபுரம் கோயிலைச் சேர்ந்த ஐந்து பெண்களையும் மூன்று ஆண்களையும் 1838இல் தார்திவேல் என்ற பிரெஞ்சு வணிகர் ஒப்பந்தம் போட்டுப் பாரிசுக்கு அழைத்துப்போனார். மூத்தவளுக்கு வயது முப்பது, சின்னவளுக்கு ஆறு. பாரிசில் வரியேத்தே அரங்கிலும், பிறகு லண்டனில் அடெல்ஃபி அரங்கிலும் ஆடினார்கள். பதினெட்டு வயது அம்மணியின் சிலையை ழான் ஓகுஸ்த் பார் என்ற சிற்பி செய்தார். தியோஃபில் கோத்தியே பத்திரிகையில் அவளைக் கொண்டாடி எழுதினார்: நிறம், கண், கூந்தல், நகை என்று.

‘பயதேர்’ என்று ஐரோப்பா ஏற்கனவே கற்பனை செய்து வைத்திருந்த உருவத்துக்குள் இந்தப் பெண்கள் போய் நின்றார்கள். அயலானது என்ற ஒரே காரணத்துக்காக ரசிக்கப்படும் ஆட்டம் என்பதன் தொடக்கப் புள்ளிகளில் இது ஒன்று. அங்கே உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெலுங்கும் தெரியாது, தமிழும் தெரியாது, தாளமும் தெரியாது. அவள் ஒரு வரியை நான்கு விதமாக விரித்தாலும் நாற்பது விதமாக விரித்தாலும் அவர்களுக்கு ஒன்றுதான். முகத்துப் பக்கக் கவனம் அறுந்துவிட்டது. மிச்சமிருந்தது முதுகுப் பக்கம், நட்டுவனாரின் தாளம் மட்டுமே. பார்வை உண்டு, வாசிப்பு இல்லை என்ற இந்த நிலைக்குப் பெயர்தான் ‘எக்ஸாட்டிக்’.

இதற்கு நேர்மாறான பயணமும் ஒன்று உண்டு. 1880இல் தஞ்சை மராட்டிய இளவரசி பரோடாவின் மூன்றாம் சாயாஜிராவை மணந்தபோது, சீரோடு சீராகக் கௌரா, காந்திமதி என்ற இரு ஆட்டக்காரிகளும் நட்டுவனார்களும் அனுப்பப்பட்டார்கள். சீர்வரிசையில் பாத்திரம் பண்டத்தோடு ஆட்டக்காரி. அங்கே அரசு வேலை, சம்பளம். சபையில் பலருக்குத் தமிழ் புரியாவிட்டாலும், அரசியாக வந்தவள் தஞ்சைக்காரி. ஆட்டம் தெரிந்த ஒரு கண்ணாவது எதிரே இருந்தது. காந்திமதியின் மகன் குபேர்நாத் தஞ்சோர்கர் பிற்காலத்தில் ஆசிரியரானார். மரபு அங்கே வேர்பிடித்தது. பாரிசுக்குப் போன அம்மணியின் கவனமோ வெண்கலச் சிலையாக உறைந்தது.

6

20ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் ‘எக்ஸாட்டிக் டான்ஸர்’ என்பது ஒரு தொழிற்பெயராகவே ஆயிற்று. 1893 சிகாகோ கண்காட்சியில் கீழைநாட்டு ஆட்டம் என்று காட்டப்பட்டதிலிருந்து மதுவிடுதி மேடைகள் வரை அதற்கு ஒரு வரலாறு உண்டு. அந்தத் தொழிலைப் பற்றிய ஆய்வொன்று நமக்கு உதவும். காத்தரின் ஃபிராங்க் என்ற மானிடவியலாளர் அத்தகைய விடுதிகளில் தாமே ஆடி, வழக்கமாக வரும் ஆண்களிடம் பேசி எழுதிய நூல் 2002இல் வந்தது. அவர்கள் காசு கொடுப்பது உடம்பைப் பார்ப்பதற்கு மட்டுமல்ல. ‘இவள் என்னிடம் உண்மையாகவே பேசுகிறாள்’ என்ற உணர்வுக்கும்தான் என்று அவர் காட்டுகிறார். மனசு இல்லாமல் சிரிக்கிறவளிடம் அந்த ஆள் இரண்டாம் முறை வரமாட்டான். அதற்கு முன்பே, 1983இல், ஆர்லி ஹோக்‌ஷீல்டு விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து ‘உணர்வு உழைப்பு’ என்ற கருத்தைக் கொண்டுவந்தார். மேலுக்குச் சிரிப்பது வேறு, சிரிப்பு வரும்படி தன் உள்ளத்தையே பழக்கிக்கொள்வது வேறு. இரண்டாவதில் தான் எங்கே முடிகிறோம், வேலை எங்கே தொடங்குகிறது என்பதே மங்கிவிடும் என்றார். அவர் ஆராய்ந்த கம்பெனியின் பெயர் டெல்டா ஏர்லைன்ஸ். நம்ம டெல்டா இல்லை.

இந்த ஒப்பீட்டால் தஞ்சைத் தாசியும் அமெரிக்க விடுதிப் பெண்ணும் ஒன்று என்று ஆகிவிடாது. வேறுபாடுதான் முக்கியம். விடுதியில் ஆடுகிறவளுக்குச் சொல்லப்படும் யோசனை, ‘மனசை இங்கேயே வை, ஜெயிப்பாய்’ என்பது. கவனம் அங்கே அவளுடைய தனிப்பட்ட சாமர்த்தியம். தவறினால் அவளுடைய தனிப்பட்ட தோல்வி. டெல்டாவில் அதே கவனத்தைத் தாங்கிப் பிடிக்கப் பங்கு நெல், நட்டுவனார், பாட்டுப் பாடிக்கொடுத்த பாட்டி, படித்த ரசிகன் என்று ஒரு முழுக் கட்டுமானமே இருந்தது. ஆனால் அந்தக் கட்டுமானம் அவளிடம் ‘உனக்குச் சம்மதமா’ என்று கேட்கவில்லை. ஏழு வயதில் பொட்டுக்கட்டியபோது யார் கேட்டார்கள்?

7

இந்த இடத்தில்தான் 20ஆம் நூற்றாண்டின் சண்டை வருகிறது. புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, தாய்வழியில் இந்த மரபை அறிந்தவர். அவர் முயற்சியால் 1929இல் வந்த சட்டத் திருத்தம், கோயில் சேவைக்காக விடப்பட்ட மானிய நிலங்களைச் சேவைக் கட்டாயத்திலிருந்து விடுவித்தது. பின்னர் 1947இல் சென்னை மாகாணத் தேவதாசிகள் (பொட்டுக்கட்டுத் தடுப்பு) சட்டம். கோயில் வளாகத்திலும் ஊர்வலத்திலும் பெண்கள் ஆடுவதே அதன்படி சட்டவிரோதம். குழந்தைகள் பொட்டுக்கட்டப்படுவதை நிறுத்தியது அந்தச் சட்டம். அதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. ஆனால் ராஜராஜன் கல்வெட்டில் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்த நெல்லும் வேலையும் இங்கே தனித்தனியாகப் பிரிந்தன. பொட்டுக்கட்டு வேறு, ஆட்டம் வேறு என்று பிரித்துப் பார்க்கும் கண் சட்டத்துக்கு இல்லை. அதன் கண்ணில் ஆடுகிறவள் ஓர் உடம்பு. திறன் என்ற ஒன்று அவளிடம் இருந்தது, அதற்கு என்ன மாற்று ஏற்பாடு என்ற கேள்வி எழவே இல்லை.

மறுபுறம் மீட்பர்கள். 1931இல் தஞ்சைக் கல்யாணியின் மகள்கள் சென்னை மியூசிக் அகாதெமியில் ஆடினார்கள். தஞ்சை நால்வர் வழிவந்த பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்ற ருக்மிணி தேவி 1935இல் அடையாற்றில் ஆடினார். அடுத்த ஆண்டு கலாக்ஷேத்ரா. ‘சதிர்’ ‘பரதநாட்டியம்’ ஆயிற்று. சிருங்காரம் வடிகட்டப்பட்டது. பின்னால் நின்ற மேளம் மேடையின் ஓரத்துக்குப் போய் உட்கார்ந்தது. மேடையில் நடராஜர் வந்தார். விளக்கு ஆடுகிறவள்மேல், அரங்கு இருட்டு. இந்த இருட்டைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. முன்னால் இருக்கிறவன் முகமே தெரியாத இடத்தில் பார்த்துப் பார்த்து விரிக்கிற அபிநயத்துக்கு என்ன வேலை? கவனம் இப்போது சிலையை நோக்கித் திரும்புகிறது. அதற்குப் ‘பக்தி’ என்று பெயர் வைத்தாயிற்று. சீர்திருத்தவாதி மனசு இல்லாத உடம்பைப் பார்த்தார். மீட்பர் உழைப்பு இல்லாத ஆன்மாவைப் பார்த்தார். இருவருக்கும் நடுவில் விழுந்து காணாமல் போனது, ஒரு பெண் இருபது வருஷம் பழகிச் சேர்த்த தொழில் அறிவு.

இந்த இருமையை உடைத்தவர்கள் இரண்டு பேர். இருவரும் உள்ளேயிருந்து வந்தவர்கள்.

ஒருவர் பாலசரஸ்வதி (1918–1984). தஞ்சை அவையில் இருந்த பாப்பம்மாளின் வழியில் வந்தவர், வீணை தனம்மாளின் பேத்தி. 1975இல் தமிழ் இசைச் சங்க மாநாட்டுத் தலைமையுரையில் அவர் கச்சேரி வரிசையை ஒரு கோயிலுக்குள் நடந்து போவதோடு ஒப்பிட்டார்: அலாரிப்பு கோபுரம், வர்ணம் கருவறை முன், பதம் உள்ளே கூச்சல் அடங்கிய இடம். பக்தி மொழிதான். ஆனால் அந்தப் பக்தி வானத்திலிருந்து இறங்குவதல்ல. தாளமும் உடல் ஒழுங்கும் படிப்படியாக மனசைக் குவித்து, கடைசியில் ஓர் அமைதிக்குக் கொண்டுசேர்ப்பது. சிருங்காரத்தைக் கழிக்க அவர் சம்மதிக்கவே இல்லை. கழித்தால் பதத்தில் ஆடுகிறவளுக்குக் கவனிக்க என்ன மிச்சம்?

மற்றவர் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் (1883–1962). 1936இல் வந்த அவருடைய நாவலின் பெயர் ‘தாசிகளின் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’. இதை வெறும் பிரச்சார நூல் என்று ஒதுக்குவது நம் விமர்சகர்களின் வழக்கம். கவனித்துப் படித்தால், அந்த ‘வலை’ என்பது நாம் மேலே பேசிய அதே திறன்தான். எதிரே இருப்பவனை அளப்பது, அவன் மனசு போகும் திசையை முன்கூட்டியே பிடிப்பது, தன் மனசைக் காட்டாமல் இருப்பது. இதெல்லாம் கற்றுக்கொடுக்கப்படுவது, ஒரு குடும்பத்தின் வருமானத்துக்காகப் பெண் குழந்தைகளிடம் திணிக்கப்படுவது என்று அவருக்குத் தெரியும். அவர் இதைக் கலை என்று கொண்டாடவில்லை, பாவம் என்று மட்டும் சபிக்கவும் இல்லை. உழைப்பு என்று பார்த்தார். அந்த உழைப்பின் நிபந்தனைகளை ஏற்க மறுத்தார். தாசி மரபை ரொமாண்டிக்காக எழுதுகிற இன்றைய ஆய்வாளர் யாராக இருந்தாலும் ராமாமிர்தம் அம்மையாருக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் நகர முடியும். அந்தக் கவனம் எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும், அதை எங்கே, யாருக்கு, எத்தனை நாள் செலுத்துவது என்று முடிவு செய்யும் உரிமை அவளிடம் இல்லையென்றால் அது பறிக்கப்பட்ட கவனம்.

8

விராலிமலை முத்துக்கண்ணம்மாளுக்கு 2022இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ‘கடைசித் தேவதாசி’ என்று பத்திரிகைகள் எழுதின. கடைசி என்று சொல்லிவிட்டால் ஒரு வசதி, கோப்பை மூடிவிடலாம்.

ஆனால் கோப்பு மூடவில்லை. இன்றும் தை, மாசிக்குப் பிறகு டெல்டாவில் திருவிழா நடக்கிறது. நையாண்டி மேளத்தோடு கரகாட்டம் வருகிறது. ‘ஆடல் பாடல்’ மேடை வருகிறது. தலையில் கரகம், அதன் உச்சியில் கிளி. கீழே குனிந்து ரூபாய் நோட்டைக் கண்ணிமையால் எடுக்கிற பெண். ஒரு கண் கரகத்தில், ஒரு கண் மேடையோரம் குடித்துவிட்டு நிற்கிற இளவட்டத்தில், காது மேளத்தில். அன்பளிப்பு கொடுக்க மேடை ஏறுகிறவனின் கை எங்கே வரும் என்பதிலும் ஒரு கண். சதிரில் நாம் பார்த்த இரு திசைக் கவனம் இங்கே நான்கு திசையாகியிருக்கிறது. இவளுக்குப் பங்கு நெல் இல்லை, தலைக்கோல் இல்லை, சாஸ்திரம் இல்லை. நீதிமன்றம் இவளைப் பற்றிப் பேசும்போது ஆபாசம் கூடாது, இத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகளைப் பேசுகிறது. இவளுடைய கூலி என்ன, திரும்பிப் போக வண்டி உண்டா, மேடையில் கை வைத்தவனுக்கு என்ன தண்டனை என்ற கேள்விகள் அதே அளவுக்குப் பேசப்படுவதில்லை. 1947இன் கண்தான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறது. உடம்பு தெரிகிறது, வேலை தெரியவில்லை.

பரதநாட்டியத்துக்கு ஆய்வேடுகளும் அறக்கட்டளைகளும் உண்டு. கரகாட்டக்காரியின் கவனத்தைப் பற்றி யார் எழுதுகிறார்கள்? ‘அது கலையா’ என்ற கேள்வியில் நம்முடைய அறிவாளிகள் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். கேள்வி அதுவல்ல. ஒரு பெண் தன் மனசை ஓரிடத்தில் நிறுத்திப் பிறருக்குக் கொடுக்கிறாள். அந்தக் கொடைக்கு என்ன அளவு, எந்த மரக்கால்? ராஜராஜன் காலத்துக் கணக்கன் குறைந்தபட்சம் அதைக் கலம் கணக்கில் அளந்து, வீட்டு எண்ணோடும் பெயரோடும் கல்லில் எழுதினான். அவனுடைய கணக்கில் அவள் சம்மதம் இல்லை. நம்முடைய கணக்கிலோ அவள் பெயரே இல்லை. சம்மதமும் பெயரும் கூலியும் சேர்ந்த ஒரு கணக்கை எழுதும் வரை, சதிரின் வரலாற்றை எழுதி முடித்துவிட்டதாக யாரும் சொல்லிக்கொள்ள வேண்டாம்.